கை வைக்காதீங்க

மிஷனரி என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்கே ஒரு வெள்ளைக்காரர் கப்பலில் வந்து இறங்குகிற நினைப்புதான் வரும். நாங்கள் கொமுட்டர் ரயிலில் வந்து இறங்கினோம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிற எங்கள் தாய்ச்சபை, என் வீட்டுக்காரர் தலையிலும் என் தலையிலும் கை வைத்து ஜெபித்து, கிள்ளானில் ஊழியம் செய்யுங்கள் என்று அனுப்பிவைத்தது. இரண்டு பெட்டி, ஒரு ரைஸ் குக்கர், ஒரு மைக். மோட்டார்சைக்கிள் சாமான் கடைக்கு மேலே ஒரு மாடி கிடைத்தது. முன்பாதி சபை, பின்பாதி எங்கள் வீடு, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. கீழே யாராவது எக்ஸாஸ்ட் பைப்பைச் சோதித்தால் மேலே பிரசங்கம் நிற்கும். அப்படியே பல வருஷம் ஓடிவிட்டது. எஸ்டேட்டை விட்டு மலிவு ஃபிளாட்டுகளுக்கு வந்த குடும்பங்கள்தான் எங்கள் சபை.

அந்த மாடிப்படி முடிகிற இடத்தில் ஸ்பிரே பாட்டிலோடு நின்று, ஏறி வருகிற ஒவ்வொருவரிடமும் "கை வைக்காதீங்க" என்று சொன்னவள் நான். அதற்காக என்னை இன்றைக்கும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பேசட்டும்.

கை வைப்பது என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியில் ஒருவன் "கை வச்சிட்டான்" என்றால் அடித்துவிட்டான் என்று அர்த்தம், இல்லையென்றால் கல்லாவில் எடுத்துவிட்டான் என்று அர்த்தம். சபைக்குள் அது வேறு. ஆராதனை முடிந்ததும் ஜனங்கள் வரிசையில் வருவார்கள். பாஸ்டர் தலையில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி ஜெபிப்பார். பரீட்சை, வயிற்றுவலி, வீட்டில் குடிக்கிறவன், எல்லாவற்றுக்கும் அந்தக் கைதான். என் வீட்டுக்காரரின் ஊழியமே கையில்தான் இருந்தது. பிரசங்கம் சுமார். நானே தூங்கியிருக்கிறேன். ஆனால் லோரி ஓட்டிய அந்தப் பெரிய கையைத் தலையில் வைத்தால், பெரிய ஆட்களும் அழுதுவிடுவார்கள்.

நான் ஃபார்ம் திரியோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தியவள். மேரு பக்கம் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கையுறைக்குள் காற்றடித்து, கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. கல்யாணம் ஆகும்வரை ஓட்டை தேடுவதுதான் பிழைப்பு. அந்தப் புத்தி போகவில்லை. எதைப் பார்த்தாலும் எங்கே காற்று வெளியேறுகிறது என்றுதான் பார்ப்பேன்.

என் வீட்டுக்காரருக்குப் பெருங்குடலில் கட்டி என்று சொன்னார்கள். கோலாலம்பூரில் ஆபரேஷன் ஆனது. அப்புறம் கீமோ. டாக்டர் நிறையப் பேசினார். எனக்குக் காதில் நின்றது ஒன்றுதான்: வெள்ளை ரத்த அணு குறையும், அந்த நேரத்தில் ஒரு காய்ச்சல் வந்தாலும் உயிருக்கு ஆபத்து, கூட்டத்தைத் தவிர்க்க வேண்டும். "கூட்டமே இவர் வேலை டாக்டர்" என்றேன். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

வேலையை விடச் சொல்லி அவரிடம் கெஞ்சினேன். "மேடைய விட்டா நான் கட்டில்லதான் கிடக்கணும். கட்டில்ல கிடந்தா சீக்கிரம் போயிருவேன். பரவால்லயா?" என்று கேட்டார். மேடையில் நின்றால் கிருமி கொல்லும். மேடை போனால் அவரே போய்விடுவார். மேடை போனால் பலகைத் தடுப்புக்குப் பின்னால் இருக்கிற வீடும் போகும். இந்த மூன்றையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டேதான் நான் அந்த மாதங்களில் சமைத்தேன், துவைத்தேன், குளித்தேன்.

சபையில் செய்தி தெரிந்ததும், அவருக்காக ஜெபிக்க வந்தார்கள். எப்படி? எல்லோரும் அவர் தலையில் கை வைத்து. ஒருவர் பின் ஒருவராக, இருமிக்கொண்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு. ஒரு அங்கிள், தலைமுடிக்கு மை பூசி டிப்டாப்பாக வருகிறவர், உள்ளங்கைக்குள் ஒரு தும்மல் தும்மினார். அதே உள்ளங்கையை அப்படியே என் வீட்டுக்காரர் நெற்றிக்குக் கொண்டுபோனார். நான் ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"அங்கிள், கை வைக்காதீங்க."

"ஜெபம் பண்ண வந்தேம்மா."

"வாயால பண்ணுங்க. தூரமா நின்னு பண்ணுங்க. ஆண்டவருக்குக் கேக்கும்."

அடுத்த ஞாயிறு முதல் நான் வாசலில். கைக்கு ஸ்பிரே, வாய்க்கு மாஸ்க், இருமுகிறவர்கள் கடைசி வரிசை. மூப்பருக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் சபையில் பாஸ்டருக்கு அடுத்த இடம் மூப்பருக்கு. அரசாங்க வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஸ்பிரேக்குக் கையை நீட்டாமல் நின்றார்.

"சிஸ்டர், ஜெபத்துக்குத் தடையா நிக்காதீங்க."

"தடையா நிக்கல மூப்பர். வாசல்லதான் நிக்கிறேன்."

"விசுவாசம் இருக்கிற வீட்டுல இந்தப் பாட்டில் எதுக்கு?"

"விசுவாசம் இருக்கிற உங்க வீட்டு கேட்டுக்குப் பூட்டு எதுக்கு மூப்பர்?"

அன்று இரவுச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "பேங்க் வாசல் ஜாகா மாதிரி நிக்கிற. துப்பாக்கி ஒண்ணுதான் குறைச்சல்" என்றார். கிடைத்தால் அதையும் வைத்துக்கொள்வேன் என்றேன்.

கீமோ நாட்களில் கதை இப்படி. காலையில் கொமுட்டரில் போவோம். மருந்து ஏற ஏற அவர் நிறம் மாறும். முடிந்ததும் இடுப்பில் ஒரு மருந்துப் பாட்டிலைக் கட்டி அனுப்புவார்கள். இரண்டு நாள் அது சொட்டுச் சொட்டாக உள்ளே போகும். அந்தப் பாட்டிலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, வீட்டுக்கு வராமல், பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டுகளில் வீட்டு ஜெபத்துக்குப் போவார். நான் பின்னால் வாந்திப் பையோடு போவேன். அந்த மருந்துக்குக் குளிர் ஆகாது. குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரலில் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்குமாம். கொமுட்டரின் ஏர்கோன் தாங்காமல் கம்பளிக் கையுறை போட்டுக்கொள்வார். இந்த வெயில் நாட்டில் கம்பளிக் கையுறையோடு ஒரு தமிழன் உட்கார்ந்திருந்தால் எல்லோரும்தான் பார்ப்பார்கள்.

ஒருநாள் மூப்பருடைய மனைவி கோழி சூப் கொண்டுவந்தார். சில்வர் அடுக்குச் சட்டி, கொக்கி போட்டது. முன்வாசலில் என் ஸ்பிரேயைப் பார்க்கப் பிடிக்காமலோ என்னவோ, பின்படி வழியாக நேரே அடுப்படிக்கு வந்துவிட்டார். கொடியில் என் மஞ்சள் ரப்பர் கையுறை காய்ந்துகொண்டிருந்தது.

"இது எதுக்கு சிஸ்டர்? ஃபேக்டரி ஞாபகமா?"

"இல்லக்கா. கீமோ குடுத்த ரெண்டு நாளைக்கு அவர் வாந்தி, மூத்திரம் பட்ட துணிய இத போட்டுத்தான் துவைக்கணும்னு நர்ஸ் சொன்னாங்க."

அவர் ஒரு அடி பின்னால் போனதை நான் பார்த்தேன்.

"அவ்ளோ விஷமா?"

"விஷம்தான். அதான் கட்டியக் கொல்லுது."

"அப்ப வேர்வையிலயும் வருமா?"

"தெரியலக்கா."

அன்றைக்கு எனக்குத் தெரியாதுதான். அடுத்த முறை நர்ஸிடம் கேட்டேன். கையைப் பிடிக்கலாம், பக்கத்தில் படுக்கலாம், கட்டிப்பிடிக்கலாம், அதில் ஒன்றும் வராது, அந்தத் துணிக்குத்தான் கையுறை என்றார்கள். நோயும் ஒட்டாது என்றார்கள். நான் இதைச் சபையில் நாலு பேரிடம் சொன்னேன். தலையாட்டினார்கள். ஆனால் மூப்பரம்மா எனக்கு முன்னாலேயே பேசி முடித்திருந்தார். அவருக்கு இரண்டு போன் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு திருவிருந்து. எங்கள் வழக்கத்தில் பாஸ்டர் அப்பத்தைப் பிட்டு ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் வைப்பார். முதல் ஆள் மூப்பர். அவர் கையை நீட்டவில்லை. தட்டில் இருந்த ஒரு துண்டை, ஓரத்தில் இருந்ததை, அவரே இரண்டு விரலால் எடுத்துக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு அம்மாள் டிஷ்யூவால் எடுத்தார். என் வீட்டுக்காரர் கையில் பிட்டு வைத்திருந்த துண்டு அப்படியே இருந்தது. கடைசியில் அதை அவரே சாப்பிட்டார்.

ஜெப வரிசைக்கு யாரும் வரவில்லை. ஒரு சின்னப் பெண் பிள்ளை மட்டும் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு ஓடி வந்தது. அதன் அம்மா நடுவழியிலேயே பின்சட்டையைப் பிடித்து இழுத்தார். "வேணாம்மா, பாஸ்டர் டயர்டா இருக்காரு" என்றார். என் வீட்டுக்காரர் கை அந்தரத்தில் கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் பேன்ட் பாக்கெட்டுக்குள் போனது.

வியாழக்கிழமை கொமுட்டரில் சண்டை வந்தது.

"நீ ஆரம்பிச்சு வச்சதுதான்" என்றார்.

"நான் என்ன ஆரம்பிச்சேன்?"

"வாசல்ல நின்னு கை வைக்காத, கை வைக்காதன்னு கத்துனது யாரு? இப்ப அவங்க அதையே எனக்குத் திருப்பிச் சொல்றாங்க."

"அவங்க கிருமி உங்களுக்கு ஒட்டும். உங்க நோய் அவங்களுக்கு ஒட்டாது. ரெண்டும் ஒண்ணாங்க?"

"அத மைக்ல போயி சொல்லு."

"மைக்க குடுங்க, சொல்றேன்."

"குடுத்தா திருப்பி வாங்க முடியாது உன்கிட்ட."

எதிரே உட்கார்ந்திருந்த சீன ஆன்டி எங்களையும் என் வீட்டுக்காரர் கம்பளிக் கையுறையையும் மாறி மாறிப் பார்த்தார். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறதா என்று இறங்குகிறவரை யோசித்தேன். இல்லை. அந்த அங்கிளுடைய தும்மலை அன்றைக்கு நான் விட்டிருந்தால், இப்போது சண்டை போடக்கூட எனக்கு ஆள் இருந்திருக்காது.

மருந்து முடிந்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு மசாஜ் கடைக்குப் போனோம். புருஷன், பெண்சாதி இரண்டு பேருக்கும் கண் தெரியாது. இருவரும் மசாஜ் செய்கிறவர்கள். லோரி ஓட்டிய காலத்தில் முதுகுவலிக்கு அங்கே போய்ப் பழக்கமானவர் என் வீட்டுக்காரர். அவர்கள் எங்கள் சபை இல்லை, எந்தச் சபையும் இல்லை. ஆனாலும் வாரம் ஒருமுறை ஜெபம் வேண்டும் அந்த அண்ணனுக்கு. நாங்கள் உள்ளே நுழைந்து ஸ்டூலில் உட்கார்ந்ததும் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"பாஸ்டர், ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"உங்க சீக்கு ஒட்டுமா?"

எனக்குச் சுருக்கென்றது. எழுந்துவிடலாம் என்று பையை எடுத்தேன்.

"இந்தக் கைதான் எனக்கு அரிசி. இதுக்கு ஏதும் ஆச்சுன்னா நானும் இவளும் காலி லா. அதான் நேரா கேட்டுட்டேன்."

"ஒட்டாதுண்ணே. இவ நர்ஸ்கிட்டயே கேட்டுட்டா. என் வாந்திய அள்ளுனாதான் கிளவுஸ் வேணும்."

"உங்க வாந்திய நான் எதுக்கு அள்ளப்போறேன்?"

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்தார். "எனக்கே அள்ள மாட்டாரு, உங்களுக்கு அள்ளுவாரா?" என்றார்.

"அப்ப வைங்க கைய" என்று அண்ணன் தலையைக் குனிந்தார்.

நான் பையைக் கீழே வைத்தேன். இத்தனை பேரில் நேராகக் கேட்டது அந்த ஒருவர்தான். என் வீட்டுக்காரர் கம்பளிக் கையுறையைக் கழற்றிவிட்டுக் கை வைத்து ஜெபித்தார். ஆமென் சொன்னதும் அண்ணன் தலையைத் தடவிக்கொண்டார்.

"என்ன பாஸ்டர், இன்னிக்கு இந்த அமுக்கு அமுக்குறீங்க? கழுத்து உள்ள போயிருச்சு."

"தெரியலண்ணே. விரல் மரத்துப் போச்சு. தலை எங்க இருக்குன்னு கண்ணாலதான் பாத்துக்கிறேன்."

அண்ணன் அவர் கையைப் பிடித்து ஒவ்வொரு விரல் நுனியையும் நகத்தால் அழுத்தினார். இங்க? இல்ல. இங்க? இல்ல. உள்ளங்கைக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் அவர் "ஆ" என்றார். அது எனக்குத் தெரியாது. கை ஈரமாக இருக்கிறது, கொஞ்சம் பட்டன் போட்டுவிடு என்று காலையில் அவர் கேட்டதெல்லாம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குளிர் நேரத்தில் மட்டும் வந்துபோகிற கூச்சம் என்று நினைத்திருந்தேன். திரும்பும் வழியில் பட்டனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அழுகை வரும். ரயிலில் அழுகிறவளாக இருக்க எனக்கு இஷ்டமில்லை.

சனிக்கிழமை மூப்பர் வந்தார். கையில் ஒரு பெட்டி, கிளினிக்கில் இருக்குமே, இழுத்து எடுக்கிற மெல்லிய கையுறைப் பெட்டி. மேசைமேல் வைத்தார்.

"பாஸ்டர், ரெண்டுல ஒண்ணு. நாளைக்குக் கிளவுஸ் போட்டு அப்பம் குடுங்க, கிளவுஸ் போட்டு ஜெபம் பண்ணுங்க. இல்லன்னா கொஞ்ச நாள் உட்காருங்க. ஸ்ரீ கெம்பாங்கான்ல ஒரு தம்பி இருக்காரு. நல்ல கிருபையுள்ள பையன். மேடைய அவர் பாத்துப்பாரு."

"நாளைக்கும் திருவிருந்து வைக்கணுமா? போன வாரந்தானே வச்சோம்."

"பிரிக்பீல்ட்ஸ்லேருந்து ஐயா வர்றாரு. அவர் முன்னாடி நடக்கட்டும். பாத்துட்டு அவரே முடிவு பண்ணட்டும்."

ஐயா என்றால் எங்களை அனுப்பிவைத்த தலைமைப் போதகர். நாங்கள் இருப்பதும் போவதும் அவர் வாயில்.

"ஜனங்க பயப்படுறாங்க. அதுவும் இல்லாம," மூப்பர் குரலைத் தணித்தார், "சுகத்துக்காகக் கை வைக்கிறவரே சுகமில்லாம நின்னா, புதுசா படியேறி வர்றவன் என்ன நினைப்பான்? நீங்களே சொல்லுங்க."

நான் பெட்டியிலிருந்து ஒரு கையுறையை உருவினேன். பழக்கத்தில் காற்றடித்துக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். ஓட்டை இல்லை. நல்ல சரக்கு. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"நல்லதா பாத்துத்தான் வாங்கியிருக்கீங்க மூப்பர்" என்றேன்.

"சபை நல்லா இருக்கணும்னுதான் சிஸ்டர்."

"சூப்பும் அதுக்குத்தான் வந்துச்சா?"

"நீ சும்மா இரு" என்றார் என் வீட்டுக்காரர். மூப்பரைப் பார்த்து, "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். அந்தப் பணிவுதான் எனக்குத் தாங்கவில்லை. லோரி ஓட்டிய காலத்தில் ரோட்டில் குறுக்கே வந்தவனை இவர் என்னென்ன கேட்டிருப்பார்!

மூப்பர் போனதும் அவர் ஒரு கையுறையை எடுத்துப் போட்டுப் பார்த்தார். மரத்துப்போன விரல். இரண்டு விரல் ஒரே ஓட்டைக்குள் போனது. சுண்டுவிரல் வெளியிலேயே நின்றது. கழற்றினார், மறுபடி போட்டார், கிழிந்தது. இன்னொன்று எடுத்தார்.

"கொஞ்சம் போட்டு விடு."

"மாட்டேன்."

"ஏன்?"

"ஊருக்கெல்லாம் சோதிச்சு அனுப்புனவ நான். உங்க கைக்குப் போட மாட்டேன். நாளைக்குக் கிளவுஸோட நின்னீங்கன்னா, உங்க கையில விஷம்னு நீங்களே சொன்ன மாதிரி."

"போடலன்னா வீடு போகும்."

"போகட்டும்" என்றேன். சொன்ன பிறகு, அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை போய்ப் பார்த்தேன். எனக்குப் பயம் வந்தால் அப்படித்தான்.

ஞாயிறு. ஐயா கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். அவர் கைக்கும் ஸ்பிரே அடித்துத்தான் உள்ளே விட்டேன். அப்பத் தட்டுக்குப் பக்கத்தில் மூப்பர் அந்தப் பெட்டியை எடுத்துவந்து வைத்திருந்தார், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. என் வீட்டுக்காரர் வெறுங்கையோடு வந்து நின்றார். சட்டையில் ஒரு பட்டன் மாறிப் போட்டிருந்தது. காலையில் என்னைக் கேட்காமல் அவரே போட்டுக்கொண்டார் போல.

"இந்தப் பெட்டி எதுக்குன்னு எல்லாருக்கும் தெரியும். என் கையில விஷம் இல்ல. ஆஸ்பத்திரியில கேட்டாச்சு. என் கையில உணர்ச்சிதான் இல்ல. பயப்படுறவங்க தட்டுலேருந்து எடுத்துக்குங்க. எனக்குக் கோவம் இல்ல."

பெட்டியைத் தட்டை விட்டுத் தள்ளி வைத்தார்.

"பொய். கோவம் இருக்கு. இருந்தாலும் எடுத்துக்குங்க. கை வச்சு ஜெபிக்கணும்னு இருக்கிறவங்க முன்னால வரலாம்."

யாரும் எழவில்லை. கீழே ஒருவன் எக்ஸாஸ்டை முறுக்கினான். அந்தச் சத்தம் முடிந்த பிறகும் யாரும் எழவில்லை. மூப்பர் திரும்பி ஐயாவைப் பார்த்தார், பார்த்தீர்களா என்கிற மாதிரி. ஐயா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஸ்பிரே பாட்டிலை நாற்காலிமேல் வைத்தேன். இத்தனை வருஷத்தில் நான் ஒருநாளும் அந்த வரிசையில் நின்றதில்லை. பாஸ்டர் பெண்சாதி நிற்க மாட்டாள். அவள் வரிசையை ஒழுங்குபடுத்துவாள், அழுகிறவர்களுக்கு டிஷ்யூ கொடுப்பாள். நடந்துபோய் அவர் முன்னால் நின்றேன். அவருக்குத் திக்கென்றது. நான் மைக்கைப் பிடுங்கப்போகிறேன் என்று நினைத்திருப்பார். பிறகு, பழக்கம், எல்லோரையும் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"எதுக்காக ஜெபிக்கணும் சிஸ்டர்?"

"பயத்துக்கு."

"என்ன பயம்?"

"எல்லாம்தான்."

கை வைத்தார். வைத்தார் என்று சொல்லக்கூடாது, சாத்தினார். கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. கொண்டை ஊசி தோலில் குத்தியது.

"வலிக்குதுங்க" என்றேன் மெதுவாக.

"தெரியல எனக்கு. இப்ப?"

"இன்னும் கொஞ்சம் தூக்குங்க. ஆ. இப்ப சரி."

அவர் ஜெபித்தார். என்ன ஜெபித்தார் என்று நான் கேட்கவில்லை. பின்னால் யாராவது வருகிறார்களா என்று காலடிச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாற்காலி நகர்ந்தது. தும்மல் அங்கிள்.

"என்ன சிஸ்டர், இப்ப நான் வரலாமா? இல்ல, ஸ்பிரே அடிச்சிட்டு வரணுமா?"

"அடிச்சிட்டு வாங்க அங்கிள்."

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அவர் உண்மையிலேயே வாசலுக்குப் போய், பாட்டிலை எடுத்து, முழங்கைவரை அடித்துக்கொண்டு வந்து தலையைக் குனிந்தார். மன்னித்துவிட்டுத்தான் வந்தார் என்று நான் நினைக்கவில்லை. மூப்பருக்கும் அவருக்கும் பார்க்கிங் விஷயத்தில் பழைய தகராறு. எதுவாக இருந்தால் என்ன, தலை வந்தது. அவருக்குப் பின்னால் சிலர் வந்தார்கள். பாதிப்பேர்கூட இல்லை. டிஷ்யூ அம்மாள் வரவில்லை. அந்தச் சின்னப் பிள்ளையை அதன் அம்மா மடியை விட்டு இறங்கவே விடவில்லை. ஆசீர்வாதம் சொல்வதற்கு முன்னாலேயே மூப்பரும் மூப்பரம்மாவும் சில குடும்பங்களும் படியிறங்கிப் போய்விட்டார்கள். அவர்கள் இப்போது அந்தக் கிருபையுள்ள தம்பியோடு வேறு இடத்தில் கூடுகிறார்கள்.

ஐயா அடுப்படியில் உட்கார்ந்து டீ குடித்தார். ரொம்ப நேரம் ஊதி ஊதிக் குடித்தார். அப்புறம், "இருக்கட்டும். முடியிற வரைக்கும் பாஸ்டரே இருக்கட்டும்" என்றார்.

"எது முடியிற வரைக்கும் ஐயா?" என்றேன்.

என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார். ஐயா டீயைக் கீழே வைத்தார். "ட்ரீட்மென்ட் லா, சிஸ்டர்" என்றார். அவர் கிளம்பிய பிறகும் அந்த வார்த்தையை விட்டுவிட முடியாமல் நான் உருட்டிக்கொண்டே இருந்தேன். இன்னும் மருந்து ஓடுகிறது. இன்னும் உருட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

வாசலை நான் விடவில்லை. பாட்டிலும் இருக்கிறது. படியேறி வருகிறவர்களிடம் சொல்வதை மட்டும் கொஞ்சம் நீட்டியிருக்கிறேன். "நீங்க கை வைக்காதீங்க. அவர் வைப்பாரு. அமுக்குனா சொல்லுங்க."

போன வாரம் மூப்பரம்மா ஆள் மூலம் சொல்லியனுப்பினார், அடுக்குச் சட்டி வேண்டுமாம். கழுவித் துடைத்து எடுத்தேன். சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க எங்களில் யாருக்கும் கை வராது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுப்பார்கள். நான் மேல் தட்டில், நடுத் தட்டில், அடித் தட்டில், பெட்டியில் மிச்சமிருந்த அந்தக் கையுறைகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினேன்.

அவர் பட்டன் போட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். கூடாது என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

"கொஞ்சம் சீனியும் போட்டுக் குடு. பழக்கத்த விடக் கூடாது" என்றார்.

மூடிக் கொக்கியை அவர்தான் மாட்டினார். விரலுக்குத் தெரியாததால் கண்ணைக் கிட்டக் கொண்டுபோய், நழுவ நழுவ, மாட்டி முடித்தார். சீனி நான் போடவில்லை.